பாத்டப்பில் தங்கத் தட்டு

மகளின் தள்ளுவண்டியைப் பிடித்தபடி ரெய்னர்ஸ் லேன் போகும் பஸ்ஸில் நின்றேன். ஒட்டுக்கேட்பது தவறுதான். ஆனால் முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் சொன்னது அப்படி.

"பாத்டப் முழுக்க ஆத்து மணலில தங்கம் அரிக்கிற தட்டு. பிள்ளையளை எங்க குளிக்க வாக்கிறது?"

"ரெண்டு நாள்தானப்பா, கழுவி முடிச்சிடுவன். புதுத் தட்டில எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாட்டித் தங்கத்தூள் தண்ணியில மிதந்து போயிடும். அதாலதானே என்னட்ட முதல் வாங்கின ஆள் திருப்பி அனுப்பினவர்."

"கழுவிப்போட்டுப் பாவிக்கச் சொல்லி வெப்சைட்டில போடுங்கோவன்."

"போட்டனான். ஆர் வாசிக்கினம்? இன்னும் ரெண்டு பேர் திருப்பி அனுப்பினா ஒன்லைன் கடையை மூட வேண்டியதுதான்."

"என்ன கதை இது? ஏழு வருஷமா லீவெல்லாம் ஸ்கொட்லாந்து ஆத்துக்குள்ள குனிஞ்சு நிண்டு, ஒரு மூக்குத்திக்கும் காணாத தங்கம் கொண்டு வந்தனீங்கள். அப்ப நான் ஒருநாளாவது விடச் சொன்னனானோ?"

அவர் போனை எடுத்து ஒன்லைன் கடையைத் திறந்து பார்த்தார்.

"எத்தினை தட்டு மிச்சம்?"

"நாப்பது."

"நாப்பதையும் கழுவித்தான் அனுப்புறம். நானும் கழுவ வாறன். பெல்லை அடியுங்கோ, சோப்பு வாங்கோணும். பிள்ளையளுக்கு வாளியில தண்ணி அள்ளி வாக்கலாம்."