யாரும் உம் கொட்ட வேண்டாம்

மணி பதினொன்று. டோல்கேட்டைத் தாண்டிவிட்டால் திருவொற்றியூர் சாலையில் ஈ காக்கை கிடையாது... தெரு விளக்குகளுக்கெல்லாம் கறுப்பு மூடி. நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருந்தது. அந்த இருட்டில் ஓர் ஆள் வடக்கே நடந்துகொண்டிருந்தார். தனியாக. பேசிக்கொண்டே.

பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். மற்ற கதைக்கெல்லாம் உம் கொட்டுவீர்கள், கொட்டாவிட்டால் நானே கேட்டு வாங்குவேன். இந்தக் கதைக்கு வேண்டாம். ஏன் என்று கடைசியில் தெரியும். அதுவரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கடைக்கார வெள்ளத்துரை அண்ணாச்சி சிரிக்கிறார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நீரு சொல்லும் வே, கேப்போம்."

அண்ணாச்சி, மழைக்கு ஒதுங்கக் கடையில் இடம் கொடுத்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் கதை என்னுடையது. கடைக் கதவைச் சாத்திவிட்டு இப்படி அரிசி மூட்டைப் பக்கம் வந்து உட்காருங்கள். அந்தத் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். போதும்.

நடந்தது என் தோஸ்து கருணாகரனின் சித்தப்பாவுக்கு. பெயர் எத்திராஜ். ராயபுரம் குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிறவர்தான், ஆனால் அவர் பெயர் பரவியது மீனால் இல்லை, வாயால். சாயங்காலம் கரையில் கூட்டமாக உட்கார்ந்து கிழிந்த வலை பின்னுவார்கள். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு எத்திராஜ் கதை சொல்வார்.

முதலில் அவருக்குச் சொல்லவே வராது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். வலையைப் பார்த்துக்கொண்டு நாலு வாக்கியத்தில் முடித்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் மீன் விற்கிறவள், அவள்தான் முதலில் திட்டியது.

"இன்னாடா எத்திராஜு, மீனுக்கு வாலும் தலையும் அறுத்துட்டு நடுத்துண்டத்த மட்டும் குடுக்கற? அன்னிக்கி காத்து எந்தப் பக்கம் அடிச்சிச்சி? அத்த சொல்லு மொதல்ல."

அன்று முதல் அவர் கதையில் காற்று வந்தது. ஜட்கா ஓட்டுகிற ஹபீபுல்லா பாய் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வரும்போது, ஊரெல்லாம் கேட்ட சேதியைக் கொட்டிவிட்டுப் போவார். குதிரையின் கழுத்து மணி கதைக்குள் வந்தது. முடிவு தெரியாமல் எத்திராஜ் திணறினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார். இப்படி ஊரே சேர்ந்து வளர்த்த வாய் அது.

எல்லோரையும்விட முக்கியமானவன் குமாரவேல். எத்திராஜின் கட்டுமரத்தில் கூடப் போகிற ஆள். ஒரு கதைகூட அவன் சொன்னதில்லை. உம் கொட்டுவான், அவ்வளவுதான். கதை சரியாகப் போனால் சாதாரணமாக ஓர் உம். இழுத்தால் வெடுக்கென்று ஓர் உம். பொய் கலந்தால் உம்மே வராது. முடிவு சரியாக விழுந்தால் நீளமாக, மூச்சு விடுவதுபோல ஓர் உம்ம்ம்... அந்த உம்முக்காகத்தான் எத்திராஜ் கதையே சொன்னார் என்று கருணாகரன் சொல்வான்.

பங்குனியில் ஒரு சாயங்காலம். புதுக் கதை. கடலில் போன மீனவன் ஒருவன் பல நாள் கழித்து நடுராத்திரி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். குரல் அவன் குரல்தான். ஆனால் அவனுக்குக் கருமாதி செய்து முடித்தாயிற்று. உள்ளே பெண்டாட்டி தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்...

அங்கே எத்திராஜ் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளாக அவருக்கு அந்தத் திமிர் வந்திருந்தது. பாதியில் நிறுத்தினால் மறுநாள் இரண்டு மடங்கு கூட்டம் வரும்.

குமாரவேல் கேட்டான். "மாமு, தொறந்தாளா இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு."

"நாளைக்கி வா, சொல்றேன்."

"காலங்காத்தால மரத்துல போறேன்பா. தெரியாட்டி மனசுல அதான் ஓடிகினு இருக்கும்."

"ஓடட்டும்."

உண்மை என்னவென்றால் எத்திராஜுக்கே முடிவு தெரியாது. கூட்டத்தைக் கேட்டிருக்கலாம். எப்போதும் கேட்கிறவர்தான். அன்று கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. காலையில் காய்ச்சல் என்று அவர் படுத்துவிட்டார், குமாரவேல் தனியாகப் போனான். மரம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது.

உடம்பு கிடைக்கவில்லை. குமாரவேலின் பெண்டாட்டி மங்கை தாலியைக் கழற்றவும் இல்லை. பதினைந்து நாளில் குண்டு பயம் வந்தது. குப்பமே எர்ணாவூரில் இருந்த பவுனம்மாளின் அக்கா வீட்டுப் பக்கம் போய் அடைந்தது. மங்கை தன் வீட்டைப் பூட்டி, சாவியை எத்திராஜிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வலைகளுக்குக் காவலாக அவர் மட்டும் தங்கினார்.

ஆறு நாள். பேச ஆள் இல்லை. ஏழாம் நாள் ராத்திரி அபாயச் சங்கு ஊதியது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதுதான் அந்தச் சாலை. அந்தப் பதினொரு மணி.

பயம் போக ஒரு சிரிப்புக் கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நாலு வாக்கியத்தில் வற்றிவிட்டது. எதிரே முகம் இல்லை, எப்படி வரும்? இன்னொன்று. அதுவும் நின்றது. பிறகு நாக்கு தானாகவே அந்தப் பாதிக் கதையைப் பிடித்துக்கொண்டது. கடலில் போனவன்... நடுராத்திரி... கதவு...

"உம்."

பின்னால். பத்தடி இருக்கும்.

எத்திராஜ் நின்றார். சளப்... சளப்... ஈரக் கால் தார் ரோட்டில் வைக்கிற சத்தம். ஒரு மாதமாக அங்கே மழையே இல்லை. நனைந்த கயிற்று வாடை வந்தது, உப்பும் பாசியும் சேர்ந்த வாடை. அவர் நின்றால் சத்தம் நெருங்கியது. கதையைத் தொடர்ந்தால் அது பத்தடியிலேயே நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? சொல்லிக்கொண்டே நடந்தார். காற்று எந்தப் பக்கம் என்றார். உம். தூரத்தில் குதிரை மணி என்றார். உம். பயத்தில் ஓரிடத்தில் ஏதோ பொய்யாகச் சேர்த்தார். உம் வரவில்லை... சளப் என்று ஓர் அடி மட்டும் முன்னால் வந்தது. மாற்றிச் சொன்னார். உம்.

ஆயுசில் அவ்வளவு நன்றாகக் கதை சொன்னதில்லையாம். அழுதுகொண்டே சொன்னாராம்.

திருவொற்றியூர் கோயில் கோபுரம் இருட்டில் தெரிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. எர்ணாவூரில் மங்கை தூங்கிக்கொண்டிருக்கிறாள். இவனை நேராக அங்கேதான் கூட்டிப் போகிறோம்! திரும்பலாம் என்றால் பின்னால் அவன். வேறு ஊருக்கு வழி மாற்றலாம் என்றால் காலுக்கு வேறு வழி தெரியவில்லை. கதையை நீட்டிப் பார்த்தார். வெடுக்கென்று ஓர் உம். காதருகில்.

எர்ணாவூர் வந்தது. ஓட்டு வீடு, சாத்திய கதவு, உள்ளே இருபது பேர். எத்திராஜ் கதவைத் தட்டவில்லை. பத்தடி தள்ளி நின்று கதையைக் கத்திச் சொன்னார்.

உள்ளே பவுனம்மாள்தான் முதலில் விழித்தாள். "எத்திராஜா? இன்னா நைனா, குடிச்சிட்டு வந்தியா? இர்றா, தொறக்கறேன்."

"தொறக்காத பவுனக்கா! யாரும் தொறக்காதீங்க. எனக்கு முடிவு தெரியாது. அன்னிக்கும் தெரியாது, பொய் சொன்னேன். நீங்கதான் சொல்லணும். அவ தொறந்தாளா, இல்லியா?"

உள்ளே கசகசவென்று பேச்சு. ஒருவர் திறந்தாள் என்றார், ஒருவர் இல்லை என்றார். பிறகு எல்லாம் அடங்கியது. மங்கையின் குரல் வந்தது.

"தொறக்கல அண்ணாத்தே. ஆசதான். ஆனா ஈர வாட அடிச்சிச்சி, அவளுக்கு பயமா போச்சி. தொறக்கல."

"உம்ம்ம்..."

நீளமாக. உள்ளே இருந்த இருபது பேருக்கும் கேட்டது. மங்கைக்கும் கேட்டது. "ஐயோ, எங்கூட்டுக்காரரு!" என்று அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். பவுனம்மாள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வெளியே ஈரக் காலடி திரும்பிப் போனது. எத்திராஜ் ஒன்றைக் கவனித்தார். கடல் கிழக்கே இருந்தது. காலடி தெற்கே போனது. ராயபுரம் பக்கம்.

குண்டு ஒன்றும் விழவில்லை. ஒன்றரை மாதத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மங்கையின் வீட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது. எத்திராஜ் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே பாய் விரித்திருந்தது. இரண்டு தலையணை. ஒன்றில் தலை அழுந்திய பள்ளம், சொட்டச் சொட்ட ஈரம். பக்கத்தில் ஒருத்தர் படுக்க இடம் விட்டு இன்னொன்று. அது காய்ந்திருந்தது.

மங்கை அலறவில்லை. காய்ந்த தலையணையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாத்தே, முடிவ மாத்திச் சொல்லு."

"சொன்னது சொன்னதுதாம்மா. போனவன் போவட்டும்."

"எல்லாரும் சேந்துதான முடிச்சீங்க? எல்லாரும் சேந்து மாத்துங்க. நான் பயந்து சொன்னது அது. அவரு வெளியிலயே கீறாரு."

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹபீபுல்லா பாய் குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். என் வீட்டில் படுத்துக்கொள் என்று பவுனம்மாள் எவ்வளவோ கெஞ்சியும் மங்கை கேட்கவில்லை. அந்த வீட்டிலேயே படுத்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

எத்திராஜ் வீடு அடுத்த வீடு. நடுவில் ஒரு மண் சுவர். ராத்திரி அவருக்கு விழிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதை சொல்கிறார்கள்.

குமாரவேல்.

ஒரு நாளும் கதை சொல்லாதவன். என்ன அழகாகச் சொன்னானாம்! எத்திராஜின் கதைதான். பவுனம்மாளின் காற்று அடித்தது, ஹபீபுல்லா பாயின் குதிரை மணி கேட்டது, வலை பின்னும் இடத்தில் ஊரார் சேர்த்தது ஒன்றும் விட்டுப்போகவில்லை. நடுநடுவே மங்கை உம் கொட்டினாள். சின்ன உம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குழந்தை மாதிரி.

எழுந்து போயிருக்க வேண்டும். கதவை உடைத்திருக்க வேண்டும். சாகும் வரை எத்திராஜ் அதைச் சொல்லித்தான் அழுதார். ஆனால் கதையின் நடுவில் எப்படி எழுந்திருப்பது? கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

முடிவு வந்தது.

"தாப்பாள எடுத்தா... தொறந்துட்டா."

மங்கையின் உம்முக்காகக் குரல் காத்திருந்தது. அவள் உம் கொட்டவில்லை. கடைசி நேரத்தில் பயந்தாளோ என்னவோ... கதை அப்படியே நின்றது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. சுவருக்கு இந்தப் பக்கம் ஈர வாடை வந்தது.

இருட்டில், வாய் தானாகத் திறந்து, எத்திராஜ் சொன்னார்.

"உம்ம்ம்..."

விடிந்து போய்ப் பார்த்தார்கள். கதவு திறந்து கிடந்தது. மங்கை இல்லை. பாய் விரித்தபடி இருந்தது.

இரண்டு தலையணையும் ஈரம்.