வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால்தான் எனக்குப் பேச்சு வரும். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி, மேடம். நீங்கள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கே மாதக்கணக்காக உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது.

நான் எழுத்துரு வடிவமைக்கிறவள். கதை அச்சடிக்கிற எழுத்தல்ல, இசைக்குறிகள், அதிலும் ஜாஸ் இசைக்கானவை. ஜாஸ்காரர்களுக்கு இஸ்திரி போட்ட மாதிரி குறிகள் இருந்தால் பிடிக்காது. கையால் மை தொட்டு அவசரமாகத் தீற்றியது போல இருக்க வேண்டும். சுரத்தை முடிக்கும்போது வழுக்கி விழச் சொல்லும் வால். கீழேயிருந்து அள்ளிக்கொண்டு வரச் சொல்லும் கொக்கி. வாசித்தும் வாசிக்காத மாதிரி விட்டுவிடச் சொல்லும் பெருக்கல் குறி. அந்த வாலை மட்டும் நூற்றுப் பத்து தடவை வரைந்தேன். அடுத்த தடவை சரியாக வந்தபோது சந்தோஷம் தாங்காமல் சுழல் நாற்காலியில் மூன்று சுற்று சுற்றி, அலமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

அப்புறம் கார்ட் குறிகள். எந்தெந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று பியானோ வாசிப்பவருக்குச் சுருக்கமாகச் சொல்பவை. எழுத்துக்குப் பக்கத்தில் குட்டி வட்டம் போட்டால் ஒரு கார்ட். அதே வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டினால் வேறொரு கார்ட். இரண்டுக்கும் நடுவே அரைச் சுர வித்தியாசம்தான். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றதை வாசித்தால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

என் அக்கா பியானோ வாசிப்பவள். ஐம்பத்து மூன்று வயது. எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவில் இருந்தாள். மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் நாங்கள் இருவரும். கல்யாணம் காட்சி என்று எதுவும் எங்களுக்கு அமையவில்லை, அதற்காக யாரும் மூக்கைச் சிந்தவும் இல்லை. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் முதல் பார்வையிலேயே வாசித்துவிடுவாள். எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்புவாள்.

போன வருடம் என் எழுத்துரு முடிந்தது. ஆறு வருட வேலை. குழுவின் முப்பது பாட்டுகளையும் அதில் மாற்றி, அக்கா பார்த்து வாசிக்கும் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தேன். ஒத்திகை முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எது?" என்றாள்.

"ஃபான்ட்தான் அக்கா. புது ஃபான்ட்."

"அட, மாத்திட்டியா? நான் கவனிக்கவே இல்லடி. நல்லாத்தான் இருந்திருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாரமே இன்னொன்றும் சொன்னாள். குழுவுக்கு ஒரு பயணிகள் கப்பலில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறதாம், கிளம்புகிறாளாம். "நீ இருந்துக்குவ இல்ல? உனக்கென்னடி, வட்டம் கோடெல்லாம் துணைக்கு இருக்கு," என்று சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன்.

கையெழுத்துப் போலத் தெரிவதற்காக ஒரே குறிக்கு நாலைந்து உருவங்கள் வைப்போம். அவை மாறி மாறி வரும். கோடு வெட்டிய வட்டத்துக்கு நான் நான்கு வைத்திருந்தேன். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். அதில் கோடு இல்லை. அந்தப் பிரதி அக்காவின் டேப்புக்கு மட்டும் போனது. என் மடிக்கணினியிலிருந்து அனுப்பலாம், திரும்பவும் பழையதை அனுப்பலாம்.

அடுத்த ஒத்திகையில் சுவரோரமாக மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டில் கல் கடித்தது. தலைவரான சாக்ஸஃபோன்காரர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"என்ன வாசிக்கிறீங்க?"

"இதுல இருக்கறதைத்தான் வாசிக்கிறேன். வந்து பாருங்க," என்று அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் எழுந்து வருவதற்குள் பழைய பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. இருவரும் குனிந்தபோது கோடு இருந்தது. என் கோடு, இடமிருந்து வலமாக ஏறி, நுனியில் லேசாகத் தடித்து. அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கீழே விழுந்த பென்சிலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

எங்கள் அம்மா கடைசி ஐந்து வருடம் நாங்கள் யாரென்றே தெரியாமல் இருந்தாள். பார்த்துக்கொண்டது அக்காதான். தனக்கும் இப்படி வந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் மறைக்கவில்லை. நாலாவது ஒத்திகை முடிந்து பஸ்ஸில் வரும்போது, "அம்மாவுக்கும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சுது," என்றேன். பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு வீட்டிலும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது. சமையலறை டப்பாக்களின் சீட்டுகளும் என் எழுத்துதான். உப்புச் சீட்டையும் சர்க்கரைச் சீட்டையும் அவ்வப்போது மாற்றி ஒட்டினேன். காபியை ஒரு வாய் உறிஞ்சுவாள், முகம் மாறும். முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைப்பாள்.

ஞாபக மறதிக்கான மருத்துவரிடமும் நானே கூட்டிப் போனேன். முடிவைக் கேட்கப் பயந்து அக்கா வெளியே உட்கார்ந்துகொண்டாள். ஞாபகச் சோதனையில் முப்பதுக்கு முப்பது. "உங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லம்மா, அலைச்சல்தான்," என்றார் அவர். வெளியே வந்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"எவ்வளவுடி?"

"பத்தொம்பது," என்றேன்.

கப்பல் வேறொரு பியானோக்காரரோடு கிளம்பியது. அக்கா பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். நாலு பேர் அதைப் படியில் முட்டி மோதி இறக்கியபோது அவள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். தனக்காக முடிவெடுக்கும் உரிமையை எனக்கு எழுதிக் கொடுத்தபோது, எந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை நான் விரல் வைத்துக் காட்டினேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள் மேடம், அதன் பிறகு வந்த எட்டு மாதமும் எனக்குத் தேனாக இனித்தன. கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். கடைப் பலகைகளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். ரொட்டிக் கடைப் பலகையில் எழுத்துக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்று நான் சொன்னால், நின்று, அண்ணாந்து, ரொம்ப நேரம் பார்ப்பாள். ஆமாண்டி என்பாள். எனக்குத் தரையில் கால் பாவாது.

போன வாரம் இடி வந்தார். குழுவின் டிரம்ஸ்காரர், பட்டப்பெயர்தான் இடி, பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். முன்பு ஒரு ஒத்திகையில் அக்கா வாசிப்பதைத் தன் போனில் படம் எடுத்திருக்கிறார். கப்பலில் சும்மா இருந்த நேரத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். டேப்பின் திரை அதில் தெளிவாக விழுந்திருந்தது.

"அக்கா, தப்பு உங்களோடது இல்ல," என்று போனை நீட்டினார். "இதைப் பாருங்க. கோடு இருக்க வேண்டிய இடத்துல வெறும் வட்டம்தான் இருக்கு. ஃபான்ட்டுலயே கோடு இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகல, திரும்பி வாங்க." என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்கா கண்ணாடியை மேலே தள்ளினாள். போனைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். அப்புறம் என்னிடம் கொடுத்தாள்.

"எனக்கும் கோடு இல்லாத மாதிரிதான் தெரியுது. ஆனா என் கண்ணை நான் எப்படி நம்பறது? நீ பாத்துச் சொல்லுடி. இருக்கா?"

பார்த்தேன். அழகான, சுத்தமான, வெறும் வட்டம்.

"இருக்குக்கா," என்றேன்.

அவள் போனை வாங்கி இடியிடம் திருப்பிக் கொடுத்தாள். "இருக்காம்ப்பா," என்றாள்.

அவர் நேராக ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னதெல்லாம் நிஜம். எழுத்துருவில் கோட்டை எடுத்தது நான், சீட்டுகளை மாற்றியது நான், முப்பதைப் பத்தொன்பது என்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அக்கா வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளால் தனியாக வீட்டுக்குப் போக முடியாது மேடம், வழி மறந்துவிடும். இந்த நிலைமையில் இருக்கிறவளை என்னைத் தவிர வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்.