எதிர்மலைக்குக் கேட்ட மணி

பிள்ளைகளுக்குப் பால் ஆற்றுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் அது சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோருக்கும் நான் ஆயம்மா.

நீங்கள் தேர்தல் நாளைப் பற்றிக் கேட்டீர்கள்.

இந்த அறுபத்தைந்தாம் ஆண்டுத் தேர்தல் எங்களுக்குத் திருவிழா மாதிரி. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த சில குடும்பங்களுக்குத்தான் ஓட்டு. ஆனால் சண்டை போட ஓட்டு வேண்டுமா என்ன? நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மேல் லயம் விளக்குச் சின்னம், கீழ் லயம் குடைச் சின்னம். விளக்குக்குத் தலைவர் நல்லமுத்து, குடைக்கு ஆண்டியப்பன். இருவருக்கும் மீசை பெரிது.

ஒரு நாள் தேநீர்க் கடையில் ஆண்டியப்பன் வம்புக்கு இழுத்தார்.

"ஏய்யா நல்லமுத்து, ஒங்க வெளக்கு அணைஞ்சா என்னய்யா செய்வே?"

"மீசைய எடுத்துர்றேன். மீசையில்லாத மூஞ்சோட எம்மகன் கல்யாணத்துல நிக்க மாட்டேன். மறுபடி மொளைச்சு முறுக்குற வரைக்கும் கல்யாணமே கெடையாது. நீ?"

"நானும் எடுக்குறேன். ஆனா ஒம்மகன் பாவம்யா. ஒனக்கு மீசை மொளைக்கிறதுக்குள்ள அவன் கெழவனாயிருவான்!"

கடையே சிரித்தது. சீனி வாங்கப் போயிருந்த நானும் சிரித்தேன். ஆனால் கடையில் நாலு பேர் முன் சொன்ன சொல்லை நல்லமுத்து மாற்றியதில்லை. அவர் மகனுக்கு நிச்சயித்திருந்தது என் மகள் நாகலெட்சுமியை. சித்திரையில் முகூர்த்தம். நாகு பொறுமைசாலி, எத்தனை மாதமும் காத்திருப்பாள். அவள் வயிறு காத்திருக்காது. அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

தகப்பனில்லாமல் வளர்த்த பெண், ஐயா. லயத்து வாய்களுக்கு அவளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. குடைக்கு விழுகிற ஓட்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

எங்கள் பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. குழந்தைக்குச் சுகமில்லையென்றால் அதைத் தட்டுவேன். அந்தச் சத்தம் மலை முழுவதும் கேட்கும். கேட்ட தாய் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். கங்காணியும் தடுக்கமாட்டார். அது தோட்டத்து வழக்கம்.

ஓட்டுப்போடும் இடம் எதிர்மலைப் பள்ளிக்கூடம். நல்லமுத்துவின் ஆட்கள் முதல் ஆட்களாகப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு கீழ் லயத்துப் பெண்கள் கண்டாங்கிச் சேலையும் கனகாம்பரமுமாக வந்து, பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆண்டியப்பனின் மருமகள் அழகம்மாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. மகனை என் மடியில் போட்டு, "கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு ஆயம்மா" என்றாள்.

மாடத்தில் நீங்கள் கண்டெடுத்த பேதி மருந்து என்னுடையதுதான். கீழ் லயத்துப் பிள்ளைகளின் பாலில் மட்டும் கலந்தேன். கசப்புத் தெரியாமல் சீனி போட்டேன். வயிறு இளகத் தொடங்கியதும் தண்டவாளத்தைத் தட்டினேன். வாசலில் நின்று பார்த்தேன். எதிர்மலையில் வரிசையிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, தேயிலைக்கு நடுவே ஓடிவந்தன. பார்க்க அழகாக இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. நல்ல தாய்மார்.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்திக்குள் சரியாகிவிட்டது. அழகம்மாவின் மகனுக்கு நிற்கவில்லை. அவன் பால் ஆசைக்காரன். போத்தல் காலியானதும் இன்னும் வேண்டுமென்று அழுதான்; அந்தப் பாலிலேயே இன்னும் கொடுத்தேன். பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் கடை ரேடியோவில் விளக்கு வென்றதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசம். "நம்ம தோட்டமே போடாட்டியும் செயிச்சிருப்போம்" என்று நல்லமுத்து மீசையை முறுக்கினார். இருக்கலாம். ஆனால் பல கை சேர்ந்துதானே தேர் நகர்கிறது? மேல் லயத்தில் பட்டாசு வெடித்தபோது, கீழ் லயத்தில் பிள்ளையைத் தூக்கினார்கள். பேரனைப் புதைத்துவிட்டு வந்த ஆண்டியப்பன் நேரே போய் மீசையை எடுத்துக்கொண்டார். சொல் தவறாத மனிதர்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. முறுக்கிய மீசையோடு நல்லமுத்து நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதற்கு முன்பே, பிள்ளை போன பதினாறாம் நாள், துக்கம் கேட்கப் போயிருந்தேன். அழகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கி மணி அடிக்காம இருந்திருந்தா நானும் வெளக்குக்குத்தான் போட்டிருப்பேன் ஆயம்மா. மாமாகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, ஐயா. ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம். இவ்வளவு பழகிய என்னிடம் என்ன ஒளிவுமறைவு?

எழுதி முடித்துவிட்டீர்களென்றால் நான் புறப்படுகிறேன். பிள்ளைக் காம்பரா சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஐப்பசியில் என் பேரப்பிள்ளை வந்துவிடும், அழகம்மா மகனின் தொட்டிலைக் கழுவிக் காயவைக்க வேண்டும். விடிந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். என் கையைத் தவிர வேறு கையில் அவர்கள் பால் குடிக்கமாட்டார்கள்.