மூன்றாவது விளக்கு

சோபைபிள்ளா எனக்குப் பிடிக்காது. பூசணிக்காய் பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. மழை பெய்தால் எங்கள் ஊர் வால்டிவியாவில் எல்லோருக்கும் அது வேண்டும். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது யாரால் விளக்கு சிவப்பாக இருக்கிறதோ, அவர் திங்கட்கிழமை எல்லோருக்கும் அதை வாங்கி வர வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சுவரில் மூன்று விளக்குகள். நாங்கள் எழுதும் மென்பொருளை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் தனித்தனியாக உருவாக்கிச் சோதிப்போம். தேறினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மூன்றையும் பச்சையாக வைத்திருப்பது என் வேலை. எந்த நோயாளிக்கு எப்போது என்ன மருந்து என்று செவிலியருக்குத் திரையில் காட்டும் மென்பொருள் அது.

போன வருடம் மார்ச்சில் மூன்றாவது விளக்கு மட்டும் சிவந்தது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை நள்ளிரவில் எங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் வைப்போம். பதினொரு மணி இரண்டு முறை வரும். அந்த இரவைப் போலியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றை என்னுடன் வேலை செய்யும் யாஸ்னா எழுதியிருந்தாள். விண்டோஸில் மட்டும் அது தோற்றது. இரண்டாவது பதினொன்று இருபதுக்கு, ஏற்கெனவே போட்ட ஊசியை இன்னும் போடவில்லை என்று காட்டியது.

"பெலிசாரியோ, மறுபடியும் செவப்பா? எனக்கு மூணு. தொட்டுக்கற பெப்ரே சட்னி காரமா இருக்கணும், போன தடவ மாதிரி தக்காளித் தண்ணி வேணாம்" என்றாள் யாஸ்னா.

"இன்னிக்குச் சரி பண்ணிடுவேன்."

"மூணு வெள்ளிக்கிழமையா இதையேதான் சொல்றே. கடைக்காரம்மா உன்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட ஆரம்பிச்சாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தேன்: விண்டோஸ் என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடு. விளக்கு பச்சையானது. யாஸ்னா கைதட்டினாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

"கடிகாரப் பிரச்சினை. அதைச் சுத்திக்கிட்டு வந்துட்டேன்."

அது பொய் இல்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மருத்துவமனைகளில் லினக்ஸும் மேக்கும் கிடையாது. எல்லாம் விண்டோஸ்தான்.

அந்த ஏப்ரலில் தோன் ஆபெல் என்ற நோயாளிக்கு ஒரு செவிலியர் பதினொன்று இருபதுக்கு இன்சுலின் போட்டுவிட்டு வேறு வார்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பதினொன்று இருபது. அவர் இடத்துக்கு வந்த செவிலியர் நிவியா திரையைப் பார்த்து இன்னொரு ஊசி போட்டாள். ஆபெல் விடியும் முன் இறந்துபோனார். விசாரணையில் அவள் சொன்னது ஒன்றுதான்: "போடலன்னுதான் காட்டுச்சு. என் கண்ணால பார்த்தேன் சார்."

மென்பொருளில் தவறு இருக்குமா என்று எங்களைக் கேட்டார்கள். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று பச்சை விளக்குகளைப் படம் எடுத்து அனுப்பினேன். நிவியாவுக்கு வேலை போனது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வரியை எடுத்தால் விளக்கு சிவக்கும். சிவந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

போன ஏப்ரலில் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்பலாம். இந்த ஏப்ரலில் எனக்குத் தேதி தெரியும், நிமிடமும் தெரியும். முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, அந்த வரியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். வெளியே மழை. மூடிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் இரவு ஒஸோர்னோ மருத்துவமனையில் அதேபோல் இறந்த பெண்ணின் பெயர், விசாரிக்க வந்த நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நான் எதுவும் வாங்கி வர வேண்டியிருக்கவில்லை. நீங்கள் யாஸ்னாவையே கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வருடம் முழுக்க, என் பொறுப்பில் எதுவும் பழுதாகவில்லை.