சனிக்கிழமை ஓட்டத்துக்கு முன்

காஜா பேராங் நிறுத்தத்தில் குழந்தையோடு பஸ் ஏறினேன். முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி வலது முழங்காலில் துணி சுற்றியிருந்தான்.

“முட்டியில இல்லண்ணே, முட்டிக்கு வெளிப்பக்கம். கொஞ்ச தூரம் ஓடுனதும் கத்தி வச்ச மாதிரி இருக்கு. படி இறங்குனா உயிர் போவுது.”

“ஆஸ்பத்திரி டிரெஸர் என்னா சொன்னாரு?”

“எலும்பு நல்லாத்தான் இருக்காம். மிதமிஞ்சி ஓடி, தொடையிலேருந்து வர்ற நாரு முட்டியில உரசி வீங்கிருச்சாம். இப்ப ஓய்வு குடுத்தா ஆறிருமாம்.”

“ஓய்வா? சனிக்கிழம சுதந்திர நாள் மெர்டேக்கா ஓட்டம்டா. ஜெயிச்சாத்தான் தோட்ட ஆபீஸ்ல வேலன்னு தொர சொல்லிட்டாரு. மறந்துட்டியா, மகாராஜா?”

“இந்தக் காலோட ஓடுனா அப்புறம் ஓடவே முடியாம போயிரும்ணே.”

“அப்புறம் எதுக்குடா ஓடணும்? வேலதான் கெடச்சிருமே.”

டிரெஸர் சொன்னபடி கேட்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். அந்நியர்களிடம் எனக்கென்ன உரிமை என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

தெங்கேராவில் பஸ் நின்றது. தம்பி கம்பியைப் பிடித்து, காலை மடக்காமல், பின்பக்கமாகப் படி இறங்கினான். முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

கீழே நின்ற அண்ணன் கையை நீட்டினான்.

“பயப்படாதடா. பாடாங் மைதானத்துல ஏது படி? எல்லாம் சமதரைதான்.”