முந்தைய பதிப்புக்குத் திரும்பு

— சார்ஜர் உன் தையல் மெஷின் டிராயர்ல இருந்துச்சு அக்கா. பாபின் டப்பாவுக்கு அடியில, துணியில சுத்தி.

— அங்கயா இருந்துச்சு? வீடு பூரா தேடினேனே.

— நேத்தும் தேடினே, முந்தாநேத்தும் தேடினே. உன் டிராயர மட்டும் தேடல.

— வர்றவங்க போறவங்கன்னு வீடு சந்தைக்கடை மாதிரி கெடந்துச்சுடா. அம்மா போனதுலேர்ந்து கை தன்னால எதையோ எடுக்குது, எங்கயோ வைக்குது. மொதல்ல சாப்பிடு, ஆறிப்போகுது.

— அப்புறம். லேப்டாப் எங்க?

— பீரோ மேல. பெட்ஷீட்டுக்குப் பின்னாடி.

— பெட்ஷீட்டுக்குப் பின்னாடி. சரி. ஒரு நிமிஷம், ஆன் ஆகட்டும்… என்ன இது? இதுல யாரு புது சிஸ்டத்த ஏத்தினது?

— எனக்கென்ன தெரியும் அதெல்லாம்.

— ஸ்க்ரீனே வேற மாதிரி இருக்கு பாரு. நான் வாங்கி அனுப்பறப்ப பழைய சிஸ்டம் போட்டு அனுப்பினேன். ‘அப்டேட் கேட்டா வேண்டாம்னு அழுத்து’ன்னு சீட்டு எழுதி ஒட்டினேன். சீட்டு இன்னும் இருக்கு.

— அது தினமும் கேக்குதுடா. தொரத்தத் தொரத்த வந்து மூக்கு மேல ஒக்கார்ற ஈ மாதிரி. ஏதோ நெனப்புல அழுத்திட்டேன் போல.

— அந்தக் குரல் ப்ரோக்ராம் புதுசுல ஓடாது. இதோ பாரு, அழுத்தறேன். ‘இந்தச் செயலி இந்தக் கணினியில் இயங்காது.’ கேட்டியா? அம்மா குரல் மொத்தமும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு.

— இருக்கட்டுமே. அங்கயே பத்திரமா இருக்கட்டும்.

— பூட்டின பெட்டிக்குள்ள இருந்து என்ன பிரயோஜனம்? வேற கம்ப்யூட்டர்ல போடலாம்னா அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி நீதானே பக்கத்துல ஒக்காந்து அம்மாவ எண்ணூறு வாக்கியம் பேச வச்சுப் பதிஞ்சே? தொண்டைய எடுத்தப்புறம் அவங்க டைப் அடிக்க அடிக்க, அது அவங்க குரல்லயே பேசிச்சே. எவ்வளவு பாடுபட்டிருப்பே. இப்ப போனா போகட்டுங்கற.

— போன ஆளே போயாச்சு தம்பி. குரல வச்சு என்ன பண்ணப் போற?

— எனக்கு எல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல அம்மாகிட்ட கேட்டுட்டேன். ஆபரேஷனுக்கும் வரல, அதுக்கப்புறம் ரெண்டு வருஷமாவும் வரல, என் மேல கோவமாம்மான்னு. இப்ப லீவு கேட்டா ஆள மாத்திடுவாங்கம்மான்னு அழுதேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. டைப் பண்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னாங்க, ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சின்னவனே, நீ நிம்மதியா வேலையப் பாரு’ன்னு.

— ம்.

— பேசினதெல்லாம் அந்த ப்ரோக்ராம் சேத்து வைக்கும். அத இன்னொரு தடவ கேக்கணும் அக்கா. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுதான் நடமாடறேன். இல்லன்னா இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க எனக்குக் காலே வந்திருக்காது.

— அதான் காதுல கேட்டாச்சே. திரும்ப எதுக்கு?

— நீ பேசறது எனக்குப் புரியல. இரு, என்னைக்கு ஏத்தினதுன்னு பாப்போம். அப்டேட் வரலாறு… பதினொண்ணாந்தேதி. சாயங்காலம் நாலு பத்து.

— இருக்கும்.

— பதினொண்ணாந்தேதி காலையிலதானே அம்மா போனாங்க? நாலு பத்துக்கு நான் விமானத்துல இருக்கேன். அம்மா ஹால்ல படுத்திருக்காங்க, வீடு கொள்ளாத கூட்டம். அந்த நேரத்துல உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டு அப்டேட் பண்ணியா?

— மேல கேளு. கேட்டு முடி.

— ஏறினப்புறம் பத்து நாளைக்குத்தான் பழைய சிஸ்டத்த ஒரு ஓரமா வச்சிருக்கும். அதுக்குள்ள திரும்பினா திரும்பலாம். அப்புறம் அதுவே அழிச்சிடும். இன்னைக்கு இருபத்தொண்ணு. இப்ப மணி மூணு இருபது. நீ நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கே அக்கா.

— ஆமா. அதுலயே போட்டிருந்துச்சு, பத்து நாள்னு. எண்ணினேன்.

— ஏன்?

— திரும்பாதடா. இந்த ஒரு விஷயத்துல நான் சொல்றதக் கேளு. உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல.

— நூத்தம்பது கம்ப்யூட்டரக் கட்டி மேய்க்கிறவன் நான். அம்மாவோட ஒரு கம்ப்யூட்டரக் காப்பாத்தாம போனா நான் மனுஷனே இல்ல. நகரு, பிளக்கப் போடணும். செட்டிங்ஸ்… மீட்பு… இருக்கு. ‘முந்தைய பதிப்புக்குத் திரும்பு.’ இன்னும் இருக்கு.

— தம்பி.

— ஏன் திரும்புறீங்கன்னு காரணம் கேக்குது. உன்ன மாதிரியே.

— பட்டுனு ஏதாவது ஒண்ண அழுத்திடுவியே, எனக்குத் தெரியாதா.

— அழுத்திட்டேன். மூணு பர்சன்ட். இப்ப வயர்ல கை வைக்காத.

— வைக்கல. கொலகாரியப் பாக்கற மாதிரி பாக்காதடா.

— வேற எப்படிப் பாக்கச் சொல்ற? எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை அம்மா என்கிட்ட அரை மணி நேரம் பேசினது உனக்குப் பொறுக்கல. கூடவே இருந்து பாத்துக்கிட்டது நீ, கொஞ்சினது என்னையா, அந்த எரிச்சல்.

— எரிச்சலா? ஆமாடா, இருந்துச்சு. ரெண்டு வருஷம் குழாய் வழியா கஞ்சி ஊத்தினவளுக்கு எரிச்சல் வரக்கூடாதா? கஞ்சி கட்டியா இருந்தா குழாய் அடைச்சுக்கும். அடைச்சா அம்மா கண்ணுலேர்ந்து தண்ணி வரும், சத்தம் வராது. தலமாட்டுலயே மெஷினப் போட்டு ஊரார் பேண்ட்டுக்கு ஓரம் அடிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆனா நீ போன் பண்ணுவே. அந்த முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாரு. எனக்கு ஒருநாளும் வந்ததில்ல.

— அதுக்காக குரல அழிப்பியா?

— எத்தன பர்சன்ட்?

— நாப்பத்தெட்டு. பேச்ச மாத்தாத.

— மாத்தல. நின்னுடாதான்னு பாக்கறேன்.

— நிக்காது. அறுபது… நல்லாத்தான் போகுது. நான் வீடியோல கூப்பிடறேன்னு சொன்னப்பல்லாம் வேண்டாம்னது நீயா, அம்மாவா?

— அம்மாதான். கழுத்துல ஓட்டையோட எம்புள்ள என்னப் பாக்கக் கூடாதுன்னு சிலேட்டுல எழுதிக் காட்டுச்சு. அதுக்கு என்னக் குத்தம் சொல்லாத.

— சிலேட்டுலயா? அதான் லேப்டாப் இருந்துச்சே.

— ரீஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு. பழைய படம் வந்துடுச்சு. அந்த நீலப் பூ.

— வந்துடுச்சு. இன்னும் இருவது நிமிஷம் மிச்சமே இருக்கு. இப்ப திறக்கும்… திறந்துடுச்சு. ‘பேசியவை.’ இங்கதான் இருக்கணும். ஏன் காலியா இருக்கு? ‘பேசியவை: ஏதுமில்லை.’ நீ அழிச்சியா?

— நான் எதையும் அழிக்கல. அந்தப் பக்கத்துல பாரு.

— ‘பதிந்த வாக்கியங்கள்: எண்ணூறில் மூன்று.’ மூணா?

— மூணுதான்.

— முதல் வாக்கியம் போடறேன், சும்மா இரு.

— ‘இன்று… வானம் தெளிவாக இருக்கிறது.’

— இது யாரு? இவ்வளவு கரகரன்னு…

— அம்மாதாண்டா. வியாதி முத்தினப்ப அதான் குரல். நீ அதக் கேட்டதே இல்ல, அந்தக் குரல்ல உன்கிட்ட பேச மாட்டேன்னுடுச்சு. மூணாவதப் போடு.

— ‘போதும்டி, அணைச்சுடு. இந்தத் தேஞ்ச குரல வச்சு எம்புள்ளகிட்ட மிஷின் பேச வேணாம். நல்ல குரல் உன்கிட்ட இருக்கு, நீ பேசு.’

— …ஞாயித்துக்கிழமை நான் கேட்ட குரல் இது இல்ல.

— இல்ல.

— பழைய குரல் கேட்டுதே. வியாதிக்கு முன்னாடி இருந்த குரல். ப்ரோக்ராம் சரி பண்ணித் தருதுன்னு நெனச்சேன். ஆபீஸ்ல பத்துப் பேர்கிட்ட பெருமையா சொன்னேன்.

— போன் எடுத்தா என்னையும் அம்மாவையும் யாருக்குத்தான் பிரிச்சுத் தெரிஞ்சுது? நீயே எத்தன தடவ என்ன அம்மான்னு கூப்பிட்டிருக்கே. அம்மா எழுதும், நான் பாத்துப் படிப்பேன். உன் குரலக் கேட்டுக்கிட்டு அது பாட்டுக்கு என் மடியில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்.

— எழுதினத அப்படியே படிச்சியா?

— ஒரு எழுத்து மாறாம படிச்சேன்.

— அப்ப போதும் அக்கா. எனக்கு அது போதும். குரல் உன்னோடதா இருந்துட்டுப் போகட்டும், வார்த்தை அம்மாவோடதுதானே. நான் உன்ன என்னென்னவோ பேசிட்டேன். அம்மா எழுதினததான் கேட்டிருக்கேன், எல்லா ஞாயித்துக்கிழமையும்.

— ஒரு ஞாயித்துக்கிழமை தவிர.

— எந்த ஞாயித்துக்கிழமை?

— நீ லீவு கெடைக்காதுன்னு அழுதியே, அன்னைக்கு. வருத்தம் இல்ல, வேலையப் பாருன்னு சொன்னது நான். அம்மா சிலேட்டுல எழுதினது, ‘அவன உடனே வரச் சொல்லு.’