தேங்காய்க்குச் சாதா டீசல்

உடுமலை ரோட்டுப் பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி. உள்ளே புருசனும் பொண்டாட்டியும். நான் பைக்கை அணைத்திருந்ததால் பேச்சு நன்றாகவே கேட்டது.

"ஏனுங்க, தேங்கா ஏத்துனா சாதா டீசல். நான் ஏறுனா மட்டும் எதுக்குங்க ஒசத்தி டீசல்? மைலேஜ் கூடுதுங்களா?"

"ரெண்டையும் ஊத்தி ஓட்டிப் பாத்துப்போட்டேன் அம்மணி. மைலேஜ் ஒண்ணும் கூடல."

"பொறவு?"

"இன்ஜின் சத்தம் கொஞ்சம் கொறையுது. நீ பேசறது கேக்கோணுமல்ல."

அந்தம்மாள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டீசல் அடிப்பவர் வந்து, எது வேண்டுமென்று கேட்டார். கணவர் வாய் திறப்பதற்குள் அந்தம்மாளே சொன்னார்:

"சாதாவே அடிங்கண்ணா. நான் சத்தமாப் பேசிக்கறேனுங்க."